உண்மை எதைச் சார்ந்தது?

ஒன்று உண்மை என்கிறோம். உண்மையாக இருப்பது வாய் சொன்ன வாக்கியமா, மனத்தில் எழுந்த அறிவா, இரண்டுக்கும் அப்பாற்பட்ட ஒன்றா? பிராகா நகரத்துப் பாதிரியாரும் கணித அறிஞருமான பெர்னார்ட் போல்சானோ மூன்றாவதையே சொன்னார். 1819இல் பேராசிரியர் பதவி பறிபோன பின் எழுதி, 1837இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்த நூலில் ஒரு மரத்தைக் காட்டுகிறார். போன வசந்தத்தில் அதில் பூத்த பூக்களை எவரும் எண்ணவில்லை. ஆனாலும் அவை இத்தனை என்று சொல்லும் ஒரு கூற்று உண்மைதான். கடவுள் அறிவாரே என்றால், கடவுள் அறிவதால் அது உண்மையாகவில்லை, அது அப்படி இருப்பதால்தான் கடவுள் அறிகிறார் என்பது அவர் பதில். ஆகவே எவர் மனத்திலும் இல்லாத, எங்கும் இருப்பே இல்லாத கூற்றுகளுக்கு உரியது உண்மை என்றார். 1918இல் ஜெர்மன் தர்க்க அறிஞர் ஃப்ரேகேவும் இதை ஒட்டிய முடிவுக்கே வந்தார்.

நம் நாட்டுத் தர்க்க மரபான நியாயம் இப்படிப் போகவில்லை. 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தர்க்கசங்கிரகத்தை மறு நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழில் தந்தார். அதில் அறிவு ஆன்மாவின் குணம். மெய்யும் பொய்யும் அந்த அறிவுக்கே. சிப்பியை வெள்ளி என்று காண்பவனுக்குச் சிப்பியும் மெய், வேறிடத்தில் கண்ட வெள்ளியும் மெய். சேராத இரண்டைச் சேர்த்ததே பிழை. பொய்யை விளக்கக்கூட உலகத்துக்கு வெளியே ஒரு பொருள் தேவைப்படவில்லை. இருவர் அறிவு வேறுவேறானால் இருவரும் ஒன்றையே அறிவது எப்படி என்று ஃப்ரேகே கேட்பார். புகையைக் கண்டு ஒரு மலையில் நெருப்பு உண்டு என்று இருவர் அறிந்தால், இருவரும் அந்த ஒரே மலையைத்தானே அறிகிறார்கள் என்பது நியாயத்தின் பக்கத்துப் பதில். போல்சானோவின் பூக்களும் இதே கணக்குதான். எண்ணிக்கையைத் தீர்மானித்தது மரம். எவரும் எண்ணாவிட்டாலும் பூக்கள் இருந்தன என்பதைத்தான் அந்தச் சான்று நிறுவுகிறது, தனியே மிதக்கும் ஒரு கூற்றை அல்ல.

ஆனால் போல்சானோவை இத்தோடு தள்ளிவிடுவது நியாயமாகாது. அவருடைய ஆழமான தேவை வேறு: ஒன்றிலிருந்து இன்னொன்று பெறப்படுகிறது என்றால் என்ன என்று சொல்வது. அதற்காகக் கூற்றின் உறுப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். மாற்றியதும் கிடைப்பவற்றுள் பல பொய். எவரும் நம்பாதவை, நினைத்தும் பாராதவை. அவற்றையும் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். நம்பியவற்றை மட்டும் ஆராயும் தர்க்கத்தில் இவற்றுக்கு இடம் கிடைப்பது கடினம். அன்னம்பட்டரிடமே இதைக் காணலாம். நெருப்பு இல்லையென்றால் புகையும் இருக்காது என்ற எண்ணத்துக்குத் தர்க்கம் என்று பெயரிட்டு, அனுமானத்துக்குத் துணையாக வைத்துக்கொள்கிறது அந்த மரபு. ஆயினும் அவர் அதை ஐயத்தோடும் திரிபோடும் சேர்த்து, மெய்யல்லாத அறிவின் மூன்றாம் வகையாகவே எண்ணுகிறார்.