செயலிழந்த காப்பு ஹார்ட் டிஸ்க்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

பெங்களூரு: பெங்களூரு சிவாஜிநகரின் குஜரி சந்தை பழைய வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர் பெற்றது. பழுதான பாகத்தைக் கழற்றிவிட்டு, அதே வகைப் பழைய பாகம் ஒன்றைப் பொருத்தி வண்டியை ஓட வைப்பது அங்கு அன்றாடக் காட்சி. கணினிப் பாகங்கள் என்றால், சிட்டி மார்க்கெட்டை அடுத்த எஸ்.பி. சாலை அதே பணியைச் செய்கிறது. ஆனால் குடும்பப் புகைப்படங்கள், பத்திர நகல்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றைச் சேமித்து வைத்திருக்கும் வெளிப்புற ஹார்ட் டிஸ்க் செயலிழந்தால், பாகத்தை மாற்றும் இந்த வழக்கம் பல நேரங்களில் கைகொடுப்பதில்லை.

கருவியைக் கடைக்கு எடுத்துச் செல்லும் முன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். அதிலுள்ள கோப்புகளின் மூலம் கணினியிலோ வேறிடத்திலோ இருக்கிறதா? இருக்குமானால் பழுது பார்க்கும் யோசனையே தேவையில்லை. புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி அன்றே மறுநகல் எடுப்பது போதும். அதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அக்கோப்புகள் ஒரே இடத்தில், காப்பின்றி இருக்கின்றன.

பல வீடுகளில் நிலைமை வேறு. மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று கோப்புகளை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, மூலத்தை அழித்திருப்பார்கள். பெயரளவில் அது காப்பு. உண்மையில் அதுவே ஒரே பிரதி. அத்தகைய கருவி பழுதானால் முதல் சில மணி நேரத்தில் செய்யப்படுவதே தரவு திரும்பக் கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கணினி கருவியை அடையாளம் காணாவிட்டால், கேபிளையும் யுஎஸ்பி துளையையும் மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. 3.5 அங்குல மேசை வகைக் கருவிகள் தனி மின் அடாப்டரில் இயங்குபவை; அடாப்டர் கெட்டுப்போய் கருவியே போய்விட்டதாகத் தோன்றுவது உண்டு. 2.5 அங்குல வகை யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் பெறுவதால், நேரடியாகக் கணினியில் செருகாமல் ஹப் வழியாக இணைத்தால் மின்சாரம் போதாமல் போகலாம். பெட்டிக்குள் இருக்கும் யுஎஸ்பி இணைப்புச் சுற்று மட்டும் கெட்டிருந்தால், டிஸ்க்கை வெளியே எடுத்து வேறு பெட்டியில் பொருத்திப் படிக்க முடியும். இங்கே இரண்டு தடைகள் உண்டு. சில சிறிய வகைகளில் யுஎஸ்பி இணைப்பு டிஸ்க்கின் சுற்றுப்பலகையிலேயே அமைந்திருக்கும். வேறு சில வகைகள் கடவுச்சொல் வைக்காத நிலையிலும் தரவைக் குறியாக்கம் செய்தே எழுதுகின்றன. அவற்றின் டிஸ்க்கை வேறு பெட்டியில் வைத்தால் பொருளற்ற எழுத்துகளே கிடைக்கும்.

விண்டோஸ் சில வேளைகளில் கருவியைக் கண்டுகொண்டு, ‘ஃபார்மட் செய்ய வேண்டுமா’ என்று கேட்கும். ஒரே பிரதி அதில் இருக்குமானால் அதற்கு உடன்படக் கூடாது.

டிக் டிக் என்ற ஒலி அல்லது உரசும் ஓசை கேட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். டிஸ்க்கின் தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. சாதாரணத் தூசித் துகள் இந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. எனவே மேசையில் வைத்து மூடியைத் திறப்பது மீட்பு வாய்ப்பைக் கெடுத்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்கலாம் என்ற பழைய யோசனை இன்னும் வலம் வருகிறது. உள்ளே ஈரம் படிவதே அதன் பெரும்பாலான பலன்.

சுற்றுப்பலகையை மாற்றுவதும் முன்போல் எளிதல்ல. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தொழிற்சாலையில் அமைக்கப்பட்ட அளவீடுகள் பலகையிலுள்ள சிறு சிப்பில் பதிந்துள்ளன. அந்தச் சிப்பையோ அதன் உள்ளடக்கத்தையோ புதிய பலகைக்கு மாற்றாமல், அதே மாதிரிப் பலகையைப் பொருத்தினாலும் டிஸ்க் பெரும்பாலும் இயங்காது. வண்டிக்குப் பொருந்தும் குஜரி வழக்கம் இங்கே பொருந்தாததன் காரணம் இதுவே.

ஓசை ஏதுமின்றி, மெதுவாகவேனும் டிஸ்க் படிக்குமானால், கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர்த்து முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்குப் படியெடுப்பது நல்லது. ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, சேதமான பகுதிகளைக் கடைசியில் முயல்கிறது. லினக்ஸ் பழக்கம் இல்லாதவர்கள் இதை அறிந்தவரிடம் ஒப்படைக்கலாம்.

தரவு மீட்பு நிறுவனத்தை நாடினால், கட்டணம் புதிய டிஸ்க்கின் விலையைப் போல் பல மடங்கு ஆகக்கூடும். சோதனைக் கட்டணம், மதிப்பீடு, தரவு கிடைக்காவிட்டால் பணம் உண்டா என்பவற்றை எழுத்தில் பெறுவதும், ஒப்புதலின்றித் திறக்கக் கூடாது என்று சொல்லிவைப்பதும் அவசியம். உத்தரவாதக் காலம் மீதமிருந்தாலும் அது பொதுவாகக் கருவிக்கு மட்டுமே உரியது. உற்பத்தியாளர் வேறு டிஸ்க் தருவார். அனுப்பிய பழைய டிஸ்க் திரும்பி வருவதில்லை. ஆகவே தரவை மீட்ட பின்னரே உத்தரவாதத்தைக் கோர வேண்டும்.

காப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையே ஏமாற்றுவதும் உண்டு. 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அங்கிருந்த காப்பு முறை சரியாக இயங்கவில்லை என்பது தெரியவந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சுஸ்மனின் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் படம் தப்பியது. புதிய கருவி வாங்குவோர் ஒன்றுக்குப் பதில் இரண்டாக வாங்கி, ஒன்றை உறவினர் வீட்டில் வைப்பதும், அவ்வப்போது சில கோப்புகளைத் திறந்து பார்ப்பதும் இதனால்தான்.

எஸ்எஸ்டி வகைக் கருவிகளில் சுழலும் பாகம் இல்லை. அவை முன்னறிவிப்பின்றி நின்றுவிடலாம். நீண்ட காலம் மின்சாரம் இன்றி அலமாரியில் வைக்கவும் அவை ஏற்றவை அல்ல.

பழைய டிஸ்க்கைப் பழைய பொருள் வியாபாரியிடம் எடைக்குப் போடுவதில் வேறோர் ஆபத்து உள்ளது. இயங்காத டிஸ்க்கிலும் வங்கி, அடையாள ஆவணங்கள் அப்படியே இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெங்களூருவை அடுத்த தாபஸ்பேட்டையில் 2005 முதல் இத்தகைய நிறுவனம் ஒன்று இயங்கி வருகிறது. ஒப்படைக்கும் முன் டிஸ்க்கைத் துளையிட்டுச் சேதப்படுத்துவோரும் உண்டு. அப்போது கண்ணாடித் தட்டு கொண்ட 2.5 அங்குல வகைகள் சிதறும் என்பதால் கண் கவசம் தேவை.