நிரலில் ஓர் இடம்: 'சொல்வதெல்லாம் உண்மை'யும் அதன் மாற்றுகளும்

ஒளிபரப்பு நிரலிலிருந்து ஒரு நிகழ்ச்சி நீக்கப்படும்போது அதன் இடம் வெறுமையாக விடப்படுவதில்லை. வேறொன்று வந்து அமர்கிறது. தொடரமைப்பை விளக்க அமைப்பு மொழியியலார் 'இடம்', 'நிரப்பி' என்னும் இரு கருத்துகளைக் கையாண்டனர். ஓர் இடத்தில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைக்க இயலுமாயின் அவ்விரண்டும் ஒரே வகையைச் சார்ந்தவை என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கையைத் தொலைக்காட்சி நிரலுக்குப் பொருத்திப் பார்க்க இக்கட்டுரை முற்படுகிறது. எடுத்துக்கொள்ளப்படும் செய்தி, குடும்பப் பூசல்களை அரங்கில் வைத்து விசாரிக்கும் பேச்சு நிகழ்ச்சிகளும் அவை நின்றபின் வந்த மாற்றுகளும் ஆகும்.

இவ்வகை நிகழ்ச்சியின் அயல்நாட்டு முடிவொன்றை முதலில் சுட்டுதல் தகும். பிரித்தானியாவின் ஐடிவி நிறுவனம் 2005 முதல் காலை வேளையில் ஒளிபரப்பி வந்த ஜெரமி கைல் நிகழ்ச்சி, அதில் பங்கேற்ற ஒருவரின் மரணத்தையடுத்து 2019 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. 2020 சனவரியில் அந்நிறுவனம் காலை நிரலையே திருத்தியமைத்தது. செய்தி நிகழ்ச்சி நீண்டது, அதையடுத்த நிகழ்ச்சியும் நீண்டது. அண்டை வீட்டார் இருவர் வேலியைத் தள்ளிக் கட்டிக்கொண்டால் நடுமனை மறைவதுபோல அவ்விடமே மறைந்தது. தமிழில் நிகழ்ந்தது இதுவன்று. நிரப்பி போயிற்று, இடம் நின்றது.

திருவனந்தபுரத்திலிருந்து இதனைக் காண்பதில் ஒரு வசதி உண்டு. சாலைக் கடைவீதியை ஒட்டிய தமிழ்க் குடும்பங்களில் இருமொழி ஒளிபரப்புகளும் ஒரே பெட்டியில் ஒலிக்கின்றன. தமிழில் 'சொல்வதெல்லாம் உண்மை' ஓடிய காலத்தில், இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா தொலைக்காட்சியில் நடிகை விதுபாலா 'கதயல்லிது ஜீவிதம்' என்னும் நிகழ்ச்சியை நடத்தினார். கைரளியில் நடிகை ஊர்வசி 'ஜீவிதம் சாக்ஷி'யை நடத்தினார். ஒரே பொருள் இரு மொழிகளில் எவ்வாறு பேசப்படுகிறது என்று அறிய விரும்பும் ஆய்வாளனுக்கு இதனினும் எளிய தரவு கிட்டாது.

பெயர்

இந்நிகழ்ச்சிகளின் பெயர்களை அடுக்கி நோக்கினால் அவை இரு கூட்டமாகப் பிரிகின்றன. ஒரு கூட்டம் புனைவை மறுப்பது. விஜய் தொலைக்காட்சியில் நடிகை லட்சுமி நடத்திய 'கதையல்ல நிஜம்', மலையாளக் 'கதயல்லிது ஜீவிதம்' ஆகியன இதிற்படும். கன்னடத்திலும் தெலுங்கிலும் ஜீ நிறுவனம் நடத்திய நிகழ்ச்சிகள் 'பதுகு ஜட்கா பண்டி' எனப் பெயர் பெற்றன. வாழ்வைக் குதிரை வண்டியாகக் காணும் இவ்வுருவகம் டி.வி. குண்டப்பாவின் 'மங்குதிம்மன கக்க'வில் உள்ளது. இவையெல்லாம் வாழ்க்கையைப் பற்றிய பெயர்கள். மற்றொரு கூட்டம் நீதிமன்றத்தைச் சார்ந்தது. 'சாக்ஷி' என்பது அச்சொற்களுள் ஒன்று. எனினும் அங்கே சாட்சி சொல்வது வாழ்க்கையே. ஜீ தமிழில் 2011இல் தொடங்கிய 'சொல்வதெல்லாம் உண்மை' மட்டுமே ஒரு சட்டத் தொடரை முழுமையாகப் பெயராக்கிக் கொண்டது. அது சாட்சிக்கூண்டில் சொல்லப்படும் உறுதிமொழி.

இவ்வுறுதிமொழி ஒரு மொழிபெயர்ப்பு என்பதையும் அம்மொழிபெயர்ப்பில் ஓர் உறுப்பு விடுபட்டுள்ளது என்பதையும் மொழிபெயர்ப்பாளர் நோக்குதல் வேண்டும். 1969ஆம் ஆண்டின் உறுதிமொழிகள் சட்டம் தரும் ஆங்கில வாசகத்தில் மூன்று உறுப்புகள் உள்ளன: சொல்லப்போவது உண்மை, உண்மை முழுவதும், உண்மையன்றிப் பிறிதில்லை. தமிழில் பெருவழக்காகிய வாசகம், சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை என்பது. இதில் 'எல்லாம்' என்னும் சொல் 'சொல்வது' என்பதனோடு இயைகிறதேயன்றி 'உண்மை' என்பதனோடு இயையவில்லை. நான் சொல்வன யாவும் உண்மையே என்பது வேறு. உண்மை யாவற்றையும் நான் சொல்வேன் என்பது வேறு. முன்னது பொய்யை விலக்குகிறது. பின்னது மறைத்தலை விலக்குகிறது. தமிழ்ச் சாட்சி, வாசகத்தின்படி, பொய் சொல்லாமல் இருந்தால் போதும். வாய் மூடியிருக்க அவனுக்குத் தடையில்லை.

இதனைச் சொல்லாராய்ச்சி விளையாட்டாகக் கொள்ளற்க. அரங்கில் வேண்டப்பட்டது துல்லியமாக அந்த விடுபட்ட உறுப்புத்தான். மனைவி வீட்டைவிட்டு ஏன் போனாள், யாருடன் போனாள், போன பின் என்ன நடந்தது என அனைத்தும் வெளிவந்தாக வேண்டும். உண்மையான நீதிமன்றமோ இவ்வகை வழக்குகளில் கதவைச் சாத்திக்கொள்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், 22ஆம் பிரிவில், மணவழக்கு விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்றும் அதனை அச்சிடுதலோ வெளியிடுதலோ கூடாது என்றும் விதிக்கிறது. கணவனும் மனைவியும் மணவாழ்வில் தம்முள் பேசிக்கொண்டவற்றை, அவர்களுக்கு இடையேயான வழக்குகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, வெளியிடுமாறு அவர்களைக் கட்டாயப்படுத்தலாகாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 122ஆம் பிரிவில் வகுத்த நெறி. நீதிமன்றத்தின் பெயரைக் கடன்வாங்கிய நிகழ்ச்சி நீதிமன்றத்தின் கதவைக் கடன்வாங்கவில்லை.

பெண்ணின் அந்தரங்கத்தை விசாரிக்கும் மன்றம் இந்நாட்டுக்குப் புதிதன்று. நம்பூதிரி சமூகத்தில் நிலவிய ஸ்மார்த்தவிசாரம் யாவரும் அறிந்தது. 1905இல் கொச்சி நாட்டில் குறியேடத்துத் தாத்ரி விசாரிக்கப்பட்டபோது அறுபதுக்கும் மேற்பட்ட ஆடவர் பெயர்கள் வெளிவந்தன. ஐயத்துக்கு உள்ளான பெண்ணை அவ்விசாரணை பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. 'சாதனம்', அதாவது பொருள், என்றே குறித்தது. ஆயினும் அவள் கதவின் பின்னேயே இருந்தாள். அச்சமூகப் பெண்ணுக்கே 'அந்தர்ஜனம்', உள்ளிருப்பவள், என்று பெயர். நம் 'அந்தரங்கம்' என்னும் சொல்லில் உள்ள அதே 'அந்தர்' தான் இது. (ஜெரமி கைல் அரங்கில் பொய் கண்டறியும் கருவி பயன்பட்டதைப் படிக்கும் திருவிதாங்கூர் வாசகருக்குச் சுசீந்திரத்தின் கொதிநெய்க் 'கைமுக்கு' நினைவுக்கு வராமல் இராது. அது சுவாதித் திருநாள் காலத்தில் ஒழிக்கப்பட்டது.)

விளி

நிகழ்ச்சியின் முதல் நெறியாளர் செய்தி வாசிப்பாளராக அறியப்பட்ட நிர்மலா பெரியசாமி. பின்னர் வந்தவருள் நெடுங்காலம் நிலைத்தவர் லட்சுமி ராமகிருஷ்ணன். அவர் வாயில் பிறந்து நாடெங்கும் பரவிய தொடர், "என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா" என்பது. விஜய் தொலைக்காட்சியின் 'அது இது எது' நகைச்சுவை அரங்கு அதனைப் பகடி செய்தது. 2016இல் வெளிவந்த 'ரஜினி முருகன்' படத்தில் அது பாட்டாயிற்று. சிரிப்புக்குரியதாகவே எஞ்சிவிட்ட இத்தொடர் இலக்கண நோக்கில் மிகச் செறிவானது.

இதில் 'அம்மா' என்னும் விளி இருமுறை வருகிறது. மூத்தவர் இளையவளை அம்மா என்றழைப்பது தமிழ்க் குடும்ப வழக்கு. அன்பும் கண்டிப்பும் ஒருங்கே அமைவது. இவ்விளி மேலிருந்து கீழ்நோக்கிச் செல்கிறது. வினைமுற்றோ 'பண்றீங்க' என மரியாதைப் பன்மையில் நின்று கீழிருந்து மேல்நோக்குகிறது. இரண்டையும் கட்டி நிறுத்துவது 'ஏ' என்னும் இடைச்சொல். அது தேற்றமா, இரங்கலா, கடிதலா என்று பிரித்தல் அரிது. தீர்ப்பு எதுவும் சொல்லப்படவில்லை, கட்டளையும் இல்லை. ஆனால் கேட்பவள் குற்றவாளி ஆகிவிட்டாள்.

இதனை மலையாளத்தில் பெயர்க்க முற்பட்டால் இடர் புலப்படும். 'எந்தா மோளே, இங்ஙனெ செய்யுந்நது' என்பது இயல்பான வடிவம். தாய் மகளாகிறாள், அது பெரிதன்று. பெரிது வினையில் நிகழ்வது. 1896இல் வெளிவந்த 'கேரள பாணினீயம்' மலையாளத்தின் தனிப்போக்குகளுள் ஒன்றாகப் 'புருஷபேத நிராசம்', அதாவது வினையில் இடம் காட்டும் விகுதி மறைதல், என்பதைக் குறிக்கிறது. அதனை இயற்றிய ஏ.ஆர். ராஜராஜவர்மா இந்நகரின் மகாராஜா கல்லூரியில் பணியாற்றியவர். அவர் கூறிய அம்மாற்றத்தின் விளைவை இத்தகைய அரங்குகளில் காதால் கேட்கலாம். மலையாள நெறியாளர் 'நிங்ஙள்' என்றோ 'நீ' என்றோ சொல்லாமல், 'சேட்டா', 'மோளே' என்னும் முறைப்பெயரோடு வினையை முடித்து, மரியாதையைத் தீர்மானிக்காமலே பேச்சை நடத்திவிடலாம். தமிழில் அவ்வொதுக்கிடம் இல்லை. பண்றீங்க, பண்றே என ஒவ்வொரு முற்றிலும் ஏதேனும் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். நடுவர் இருக்கையில் இருப்பவர் கணவனை நோக்கி 'வாங்க' என்று தொடங்கி, பாதியில் 'நீ சொல்லு' என்று இறங்கும் கணத்தில் வழக்கு முடிந்துவிடுகிறது. பார்வையாளர் அதனைத் தீர்ப்பாகவே கேட்கின்றனர்.

விளிமரபைத் தனி இயலாக்கிய தொல்காப்பியர் மரபில் வந்த நாம் இம்மாறுதலைப் போதிய அளவு ஆராயவில்லை என்பது என் கருத்து.

மாற்று

தனிமனிதரின் அந்தரங்கம் பொதுவில் விசாரிக்கப்படுகிறது என்னும் முறையீட்டின் மேல், 2018 ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 'சொல்வதெல்லாம் உண்மை'க்கு இடைக்காலத் தடை விதித்தது. ஏறத்தாழ ஏழாண்டு ஓடிய நிகழ்ச்சி அவ்வாண்டோடு முடிந்தது. அதற்குச் சில திங்கள் முன், 2017 டிசம்பரில் வெளிவந்த 'அருவி' திரைப்படம் இத்தகைய அரங்கொன்றைச் 'சொல்வதெல்லாம் சத்தியம்' என்னும் பெயரில் காட்டியிருந்தது. ஒரு சொல்லை மட்டும் மாற்றிய பெயர். ஆனால் 'சத்தியம்' உண்மையையும் ஆணையையும் ஒருசேரக் குறிப்பது. சத்தியம் செய்யலாம், உண்மை செய்ய இயலாது. பகடிப்பெயர் மூலப்பெயரினும் நீதிமன்றத்துக்கு நெருக்கமாக வந்துவிட்டது.

2018இலேயே ஜீ தமிழ், கரு. பழனியப்பனை நெறியாளராகக் கொண்டு 'தமிழா தமிழா' என்னும் விவாத அரங்கைத் தொடங்கியது. இது அதே இடத்தின் நிரப்பி என்று சொல்வதற்கில்லை. எனினும் பெயர் கருதத்தக்கது: முழுப்பெயரும் விளியே, ஆனால் இனத்தை நோக்கிய விளி. அங்கே பேசுவோர் தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசினாலும் ஒரு தரப்பின் உறுப்பினராகவே பேசுகின்றனர். ஒருத்தி மட்டும் தனித்து நிறுத்தப்படுவதில்லை. வகை மாற்றம் என்று சொல்லத்தக்கது இதுவே. லட்சுமி ராமகிருஷ்ணன் 2020இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நேர்கொண்ட பார்வை' வேறு வழியில் சென்றது. தொடர் பாரதியின் 'புதுமைப் பெண்' பாடலிலிருந்து வந்தது. கன்னடம் குண்டப்பாவிடம் சென்றதுபோலத் தமிழ் பாரதியிடம் சென்றது எனலாம். ஆனால் முந்திய ஆண்டுதான் அதே பெயரில் ஒரு திரைப்படம் ஓடியிருந்தது. 'பிங்க்' என்னும் இந்திப் படத்தின் தழுவலான அது ஒரு நீதிமன்றக் கதை. பார்வையாளர் செவியில் பாரதியைவிடச் சாட்சிக்கூண்டே அண்மையில் இருந்திருக்கும். பெயர் மாறியது, நெறியாளரும் குடும்ப வழக்கும் மாறவில்லை. இடம்–நிரப்பிக் கொள்கைப்படி இரண்டும் ஒரே வகை.

இனி, தடைக்குக் காரணமான சொல்லைப் பற்றி. 2017 ஆகஸ்டு 24இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அடிப்படை உரிமை என ஏற்ற ஒன்றைத் தமிழ் இதழ்கள் அந்தரங்க உரிமை என்றும் தனியுரிமை என்றும் எழுதின. மலையாளம் 'சுவகார்யத' என்கிறது. இந்தி 'நிஜதா' என்கிறது. வடமொழியில் 'நிஜ' என்றால் தன்னுடையது. அதே சொல் தமிழில் 'நிஜம்' என உண்மைப்பொருள் பெற்றுவிட்டது. 'கதையல்ல நிஜம்' என்னும் பெயரிலும், 2016இல் குஷ்புவை நெறியாளராகக் கொண்டு சன் தொலைக்காட்சி தொடங்கிய 'நிஜங்கள்' என்னும் பெயரிலும் நிற்கும் சொல், வடக்கே எது பிறர் காணத் தகாதது என்று காக்கப்படுகிறதோ அதனையே குறிக்கும்.

மொழிபெயர்ப்பாளர் 'அந்தரங்கம்', 'தனியுரிமை' ஆகிய இரண்டனுள் எதனைக் கொள்வது? அந்தரங்கம் என்பது மறைக்கப்படும் செய்தியின் மேல் நிற்கிறது; தனியுரிமை ஆளின் மேல் நிற்கிறது. பேச்சு வழக்கில் இவ்விரண்டும் இல்லை. 'அது எங்க வீட்டு விஷயம்' என்பதே மக்கள் கூறுவது. அதன்படி காக்கப்படுவது வீடு, ஆள் அன்று. அரங்கேறிய பெண்களுள் பலர் அவ்வீட்டுக்கு எதிராகப் பேச வந்தவர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள், காவல் நிலையத்தில் வீட்டு விஷயம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அவர்களுக்கு 'அந்தரங்கம்' என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால் மீண்டும் கதவைச் சாத்துவதாகவே அது கேட்கும். 'தனியுரிமை' என்னும் ஆக்கச்சொல் செவிக்கு இன்னும் கரடாக இருப்பினும், வீட்டிலிருந்து ஆளைப் பிரித்துக் காட்டும் சொல் தமிழில் இப்போதைக்கு அது ஒன்றே.