வலப்பனை மலைகளும் வாக்குரிமைப் போரும்

நுவரெலியா மாவட்டத்தின் கீழ்த்திசையிலே அமைந்த வலப்பனை இருவேறு உலகங்களைத் தன்னகத்தே கொண்டது. இராகலை, ஹைபொரஸ்ட் முதலிய உயர்நிலங்களிலே தேயிலை; மலையடிவாரம் நோக்கி இறங்கச் சிங்களக் குடியானவர் நெல் விளைக்கும் படிவயல்கள். மேலே லயங்களில் வாழ்பவர் தமிழர். கீழே கிராமங்களில் வாழ்பவர் சிங்களவர். இவ்விரு சாராரின் வரலாறுகளும் தனித்தனியே எழுதப்பட்டு வந்தமையால், ஒரே மலையில் ஒரே அரசின் சட்டங்களால் இருவரும் அடியுண்டவர் என்னும் உண்மை பலர் கண்ணுக்குப் புலப்படாது போயிற்று.

முதலில் அடியுண்டவர் கீழேயிருந்தவரே. 1818ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியின்போது ஆங்கிலப் படை அழித்த ஊர்களுள் வலப்பனை ஊர்களும் அடங்கும். பின்னர் 1878இன் தானியவரிச் சட்டம் வந்தது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் வரியைப் பணமாகச் செலுத்தவேண்டும் என்பது அதன் உட்கிடை. கோப்பிச்செடியை நோய் அரித்தொழித்த காலம் அது. குடியானவனது கொல்லையிற் கோப்பியும் பட்டது, கையிற் காசும் அற்றது. 1880களின் முற்பகுதியில் வரி இறுக்காதோர் வயல்கள் வலப்பனையில் ஏலத்தில் விற்கப்பட்டன. வயலிழந்தோர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் என்னும் ஆங்கிலேயரே இக்கொடுமையை வெளிப்படுத்தினார். அரசு தன் ஊழியனின் வாயாலே குற்றஞ்சாட்டப்பட்டமை அக்காலத்தில் அரிய நிகழ்ச்சியாகும். 1892இல் அவ்வரி நீக்கப்பட்டது.

மேலே வந்து குடியேறியவர் கதை வேறு. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய இடங்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த மன்னாரில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாய் நடந்து, வழியிலே வாந்திபேதிக்குப் பலரைப் பலிகொடுத்து மலையேறியவர்கள் அவர்கள். அண்டைப் பகுதியாகிய ஹேவாஹெட்டையில், லூல்கந்துரைத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரிலே தேயிலை நட்டார் என்று பாடநூல்கள் ஓதும். அந்த ஏக்கரைக் கொத்திப் பண்படுத்திய கைகளின் பெயர்களை எந்த நூலும் ஓதவில்லை. பெரட்டுக்களத்திலே தப்பொலியுடன் விடிந்து, செக்ரோலில் 'பேர்' விழுவதோடு முடியும் நாள்; கங்காணியிடம் தீராக்கடன்; அக்கடனைக் குறித்த துண்டுச்சீட்டின்றி வேறு தோட்டத்துக்குப் போகவும் வழியில்லை. இத்துண்டுமுறை 1921இல் ஒழிந்தது.

இவ்விருளில் முதற்குரல் எழுப்பியவர்களுள் கோ. நடேசய்யர் தலையாயவர். வெளியார் தோட்டத்துட் காலெடுத்து வைப்பதே குற்றமாயிருந்த காலத்தில், தஞ்சையிலிருந்து வந்த அவர் புடைவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குட் புகுந்தார் என்பர். 1931இல் அட்டனைத் தலைமையகமாக்கித் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் கண்டார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் மேடைதோறும் தாமியற்றிய பாடல்களைப் பாடினார். எழுத்தறியாத மக்களிடத்தே துண்டுப்பிரசுரம் செய்யாததைப் பாட்டுச் செய்தது. அவ்வம்மையாரின் தொண்டுக்கு உரிய இடத்தை நம் வரலாற்றாசிரியர் இன்னும் வழங்கினாரல்லர்.

உரிமைக்காக முதன்முதற் சிந்திய குருதியும் ஹேவாஹெட்டை மண்ணிலேயே சிந்தியது. நாட்சம்பளத்தில் 16 சதம் உயர்வு வேண்டி முல்லோயாத் தோட்டத்தார் வேலைநிறுத்தம் செய்தனர். 1940 சனவரி 10ஆந் தேதி பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டான். விசாரணைக் குழுவின் முன் அவன் மனைவிக்காக வழக்குரைத்தவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா, அவர் சிங்களவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. வழக்குகளை ஒத்திவைக்குமாறு அமைச்சர் விரும்பியதைப் பொலிஸ் அதிபர் ஏற்கவில்லை. தேசாதிபதி அதிபர் பக்கம் நின்றார். அமைச்சர் குழுவே பதவி துறந்து, சின்னாட்களின் பின் மீண்டது. பதினாறு சதம் கேட்ட ஓர் ஏழையின் சாவு, பொலிசுக்கு ஆணையிடுபவர் யார் என்னும் அரசியற் பெருவினாவாக மாறியது.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்திய வமிசாவளித் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசு 7 இடங்களை வென்றது. நுவரெலியாவிற் சௌ. தொண்டமான், தலவாக்கலையிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் முதலியோர் வெற்றி பெற்றனர். வேறு பல தொகுதிகளிலும் தோட்டத்தார் வாக்கு இடதுசாரிகளுக்கு ஊன்றுகோலாயிற்று. ஆளுங்கட்சி இதனைக் கண்டு அஞ்சியது என்று கருதுவதற்கு, அடுத்து வந்த சட்டங்களே சான்று.

1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்திருத்தல் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேற் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த லயத்தில் தந்தையின் பிறப்பை எக்காகிதத்தால் நிறுவுவது? அடுத்து 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம், 1946 சனவரி 1ஆந் தேதிக்கு முன் மணமானோர் 7 ஆண்டும், மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்திருப்பின் விண்ணப்பிக்கலாம் என்றது. பெற்றோரைக் காண ஊர் சென்று பன்னிரு திங்களுக்குமேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையற்றோருக்கு வாக்கில்லை என்று கதவைச் சாத்தியது. இதனை எதிர்த்துப் பாராளுமன்றத்திற் பேசியவர்களுள் சா. ஜே. வே. செல்வநாயகம் முன்னிற்கிறார், தமிழ்க் காங்கிரசு பிளவுண்டு 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியதற்கு இச்சட்டங்களே பெருங்காரணம்.

நீதிமன்றத்தின் கதவும் தட்டப்பட்டது. கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த கோடாகன்பிள்ளை தம் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்கக் கோரினார். திருத்த அதிகாரியாயிருந்த சிவஞானசுந்தரம், ஓர் இனத்தார்க்கு மட்டும் இடர் விளைக்கும் சட்டத்தை அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு தடுக்கிறது என்று கண்டு, கோரிக்கையை ஏற்றார். உயர்நீதிமன்றம் 1951இல் அதனை மறுத்தது. இலண்டன் கோமறைக் கழகமும் 1953இல் மறுத்தது. தன் குடிகள் யாவர் என வரையறுப்பது சட்டமன்றத்தின் இயல்பான உரிமை என்பது கோமறைக் கழகத்தின் கருத்து. சட்டத்தின் சொற்களை நோக்கினர். சொற்களின் கீழே கிடந்த மக்களை நோக்கினாரல்லர்.

காங்கிரசின் தவறும் ஒன்றுண்டு. விண்ணப்பம் செய்வதை அது முதலிற் புறக்கணித்தது; மனம் மாறியபோது இரண்டாண்டுத் தவணையில் அருமையான காலம் கழிந்திருந்தது. அதன்பின் நிகழ்ந்ததே வியப்பு. நாளெல்லாம் கொழுந்தெடுத்தவர்கள் மாலையிற் படிவங்களை ஏந்தி எழுத்தறிந்தவரைத் தேடினர். பழைய பற்றுச்சீட்டுகளும், செக்ரோற் பிரதிகளும், தகரப்பெட்டியடியிற் கிடந்த கடிதங்களும் சான்றுகளாயின. 1951 ஆகஸ்டில் தவணை முடிந்தபோது ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பிற் குவிந்திருந்தன. ஈற்றிற் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

1952 ஏப்பிரல் 28ஆந் தேதி, கொழும்பிற் பிரதமர் அலுவலகத்தின் வாயிலிலே தொண்டமான் முதலானோர் சத்தியாக்கிரகம் தொடங்கினர். டட்லி சேனநாயக்கா பதவியேற்று ஒரு திங்களே கடந்திருந்தது. மே மாதத்தில் தேர்தல். அத்தேர்தலில் மலையகத்துத் தமிழருட் பெரும்பாலார்க்கு வாக்கில்லை. தோட்டங்களிலிருந்து தொண்டர் அணியணியாக வந்தமர்ந்தனர். பொலிசார் அகற்றினால் வேறோர் அணி அவ்விடத்தை நிரப்பும். ஏறத்தாழ 140 நாள் இது நீடித்தது. கல்லெறியும் வசையும் இன்றிப் பொறுமையோடு அமர்ந்திருந்த அவர்களுட் பலர், தேயிலை ஏற்றுமதியாகும் கொழும்பு நகரை அன்றே முதன்முதற் கண்டனராதல் கூடும். அவ்வாண்டு சூன் 26ஆந் தேதி தென்னாபிரிக்காவிலும் நிறவெறிச் சட்டங்களை மீறும் இயக்கம் தொடங்கியது. அந்நாட்டிலேதான் காந்தியடிகள் இம்முறையை முதலிற் கையாண்டார். அங்கே சிறைசென்று 1914இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை தமிழ்ப்பெண். ஆதலின் மலையகத்தார் இதனை அயலாரிடம் கடன் பெற்றனர் என்றல் பொருந்தாது.

சத்தியாக்கிரகம் சட்டத்தை மாற்றவில்லை. அது தோற்றதெனக் கூறுவாரும் உளர். ஆயின் வாக்கிழந்த மக்கள் அதன்பின் சிதறிப்போகவில்லை என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. மாதந்தோறும் சந்தா கொடுத்துத் தொழிற்சங்கத்தையே தங்கள் பாராளுமன்றமாக்கிக் கொண்டனர். மாசியிற் காமன்கூத்தும், மாரியம்மன் திருவிழாவும், பொன்னர் சங்கர் கதையும் ஓராண்டும் தவறாது நடந்தன. இதனை அறியாமையின் களிப்பென எழுதிய துரைமார் உண்டு. பத்தடி அறையிற் குடும்பத்தோடு முடங்கியவன், காமனை எரித்தபின் மீண்டும் எழுப்பும் கூத்தை விடியவிடிய ஆடுவதில் வேறு பொருள் உண்டு.

1964 அக்டோபர் 30ஆந் தேதி சிறீமாவோ–சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்தன. பங்கிடப்பட்டோரை யாரும் கேட்கவில்லை. தலைமன்னார் செல்லும் இரயிலுக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேரிட்டனர். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறுநாட்டுக்கும் உரியராயினர். 1977 மே 11ஆந் தேதி, டெவன் தோட்டத்தில், 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பறிக்கும் முயற்சியை எதிர்த்த போராட்டத்திலே சிவனு இலட்சுமணன் என்னும் இளைஞன் பொலிசாரின் குண்டுக்கு இரையானான். கோவிந்தனுக்குப் பின் முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

1986 சனவரியில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு பிரார்த்தனை இயக்கம் ஒன்றை நடத்தியது. காலையில் வேலைக்குச் செல்லாது கோயிலிலே கூடி வழிபடுதல் அதன் முறை. அவ்வாண்டும் 1988இலும் புதுச்சட்டங்கள் பிறந்தன. எஞ்சியோர்க்காக 2003 அக்டோபரிற் பாராளுமன்றம் 35ஆம் இலக்கச் சட்டத்தை ஏகமனதாய் நிறைவேற்றியது. முதற்சட்டம் வந்த ஆண்டில் இராகலையிலோ ஹைபொரஸ்டிலோ ஒரு லயத்திற் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 55.