ராயர் காலத்துக்குப் போன வண்டி

எச்.ஜி. வெல்ஸ் 1895-இல் எழுதிய நாவலில் வரும் கால யந்திரத்தில் ஒரே ஒருவர்தான் உட்கார முடியும். நிக்கல், தந்தம், படிகம் எல்லாம் வைத்து இழைத்த சாமான்; ஏறி உட்கார சைக்கிளில் இருப்பது மாதிரி ஒரு சீட். அதில் ஏறியவர் நேராக 8,02,701-ஆம் ஆண்டில் போய் இறங்கினார். அங்கிருந்து இன்னும் முன்னால் போனார். அவர் திரும்பி வந்து சொன்ன கதையில், முன்னோர் காலத்தை ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்ததாக ஒரு வரிகூட இல்லை.

அந்த வண்டி தெலுங்கு நாட்டுக்கு வந்து சேர 96 வருஷம் ஆயிற்று. வந்ததும் முதல் வேலையாக அது போன இடம் 1526, கிருஷ்ணதேவராயர் ஆண்ட விஜயநகரம்.

‘ஆதித்யா 369’ என்ற அந்தத் தெலுங்குப் படம் 1991 ஜூலை 18 அன்று வெளியானது. இயக்கியவர் சிங்கீதம் சீனிவாச ராவ். ‘ராஜ பார்வை’, ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘மைக்கேல் மதன காம ராஜன்’ எடுத்த அதே மனிதர். ஒரு விமானப் பயணத்தில் பக்கத்தில் இருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்திடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். கேட்டவருக்கு மனசு ஆறவில்லை. சிவலெங்க கிருஷ்ண பிரசாத் என்ற இளம் தயாரிப்பாளரைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். வசனம் ஜந்தியாலா, இசை இளையராஜா. மூன்று காலங்களில் நடக்கும் கதைக்கு மூன்று ஒளிப்பதிவாளர்கள் அமைந்தார்கள்: பி.சி. ஸ்ரீராம், வி.எஸ்.ஆர். சுவாமி, கபீர் லால். தமிழில் இது ‘அபூர்வ சக்தி 369’ என்று டப் ஆகி வந்தது.

யந்திரத்தைச் செய்யும் புரொபசர் ராமதாஸாக டின்னு ஆனந்த் நடித்தார். ‘பேசும் படம்’ பார்த்தவர்கள் பனிக்கட்டிக் கத்தியை வைத்துக்கொண்டு அல்லாடிய கொலைகாரனை மறந்திருக்க மாட்டார்கள், அவரேதான். வண்டியில் போகிறவர்கள் கதாநாயகன் பாலகிருஷ்ணா, கதாநாயகி மோகினி, இவர்களோடு தெரியாத்தனமாக மாட்டிக்கொண்ட ஒரு போலீஸ்காரர். வெல்ஸ் ஒற்றை ஆளுக்குச் செய்த சவாரி இங்கே ஷேர் ஆட்டோ ஆகிவிட்டது. படத்தின் சிரிப்பெல்லாம் அங்கேதான் பிறக்கிறது. தனியாகப் போகிறவன் வியப்பான், பயப்படுவான், தத்துவம் பேசுவான். காதலியையும் கான்ஸ்டபிளையும் கூட்டிக்கொண்டு போகிறவனோ ராயர் சபையில் நின்று தங்களுக்கெல்லாம் எந்த ஊர் என்று விளக்கம் சொல்லியாக வேண்டும்.

அறிவியல் புனைகதையை வைத்துக் கேலி செய்வதில் இரண்டு தினுசு உண்டு. அட்டைப் பெட்டி ராக்கெட்டைக் காட்டி மட்டம் தட்டுவது ஒன்று. அந்த ராக்கெட் பறக்கும் என்று மனசார நம்பி, அதில் ஏறிய மனிதர்களின் தடுமாற்றத்தைப் பார்த்துச் சிரிப்பது இன்னொன்று. சிங்கீதம் இரண்டாவது வழியில் போனார். படம் நெடுக அவர் யந்திரத்தை ஒரு இடத்திலும் கேலி செய்யவில்லை. அந்த மரியாதை இருப்பதால்தான் பார்க்கிறவனும் அதில் ஏறிக்கொள்கிறான்.

திருப்பதி, சித்தூர்க்காரர்களுக்கு இந்தப் பயணம் இன்னும் கொஞ்சம் நெருக்கம். திருமலையில் மகாதுவாரம் தாண்டி உள்ளே போனால் வலது பக்கத்து மண்டபத்தில் கிருஷ்ணதேவராயர் நிற்கிறார். இரண்டு பக்கமும் திருமலாதேவி, சின்னாதேவி. மூவரும் செப்புப் படிமங்கள், கும்பிட்ட கைகள். 1513-க்கும் 1521-க்கும் இடையில் ராயர் ஏழு தடவை மலையேறி வந்திருக்கிறார். நவரத்தினக் கிரீடம் கொடுத்தார், 1514-இல் 30,000 பொன் கொண்டு கனகாபிஷேகம் செய்தார் என்றெல்லாம் கோயில் கல்வெட்டுகள் பேசுகின்றன. வரிசையில் முண்டியடித்துப் போகிறவர்கள் பாதிப்பேர் அந்தச் சிலைகளைக் கவனிப்பதில்லை. கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும்: சினிமா ராஜா மாதிரி மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் உருவம் இல்லை அது. பெருமாளுக்கு முன்னால் மற்றவர்களைப் போல ஒரு பக்தராகத்தான் நிற்கிறார். அவரைத் தரிசன வரிசையில் தாண்டிப் போகிற ஊர்க்காரர்களுக்கு, கால யந்திரம் அவர் சபையில் போய் இறங்கியது பக்கத்துத் தெருவுக்குப் போய் வந்த மாதிரிதான் இருக்கும்.

திருப்பதிக்கு மேற்கே சந்திரகிரி. பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, 2022-இல் பிரிந்த திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. விஜயநகர அரசர்களின் கோட்டையும் ராஜ மஹாலும் ராணி மஹாலும் இன்றும் அங்கே நிற்கின்றன. படத்தில் ராயர் காலத்துப் பகுதியில் வரும் ‘ஜாணவுலே’ பாட்டில் எஸ்.பி.பி.யோடு சேர்ந்து ஒலிக்கும் குரல் ஜிக்கியுடையது. பி.ஜி. கிருஷ்ணவேணி என்ற ஜிக்கி பிறந்தது இந்தச் சந்திரகிரியில்தான். ஐம்பதுகளில் தமிழையும் தெலுங்கையும் ஆண்ட குரல். இளையராஜா அதை விஜயநகரத்துக் காட்சிக்குப் பாட வைத்தார். யந்திரம் கொண்டுவந்து சேர்த்தவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குரல்தான். ஐம்பதுகளின் வாசனை அதில் அப்படியே இருக்கிறது. ராயர் காலம் எப்படி ஒலித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டால் ‘பழசு’ என்று காது நம்பிவிடுகிறது.

ராயரிடமிருந்து கிளம்பிய வண்டி ஊர் திரும்பாமல் 2504-க்குப் போய்விடுகிறது. போரில் பூமி கதிர்வீச்சால் கெட்டு, மனிதர்கள் தரைக்கு அடியில் குடியிருக்கும் காலம். அந்தப் பகுதியின் செட்டுகள் இன்றைக்குக் கொஞ்சம் மங்கித்தான் தெரிகின்றன. விஜயநகரம் மங்கவில்லை.

சிங்கீதத்துக்கு இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் 1957-க்குப் போக வேண்டும். வாஹினியில் கே.வி. ரெட்டி ‘மாயாபஜார்’ எடுத்தபோது அவரிடம் உதவியாளராக இருந்தவர் இவர். தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன் என்று இரண்டு மொழியிலும் வந்த படம். அதில் பிரியதர்சினி என்று ஒரு பெட்டி வரும். மூடியைத் திறந்தால், பார்க்கிறவரின் மனசுக்குப் பிரியமானது எதுவோ அது உள்ளே தெரியும். சாவித்திரி திறந்து பார்த்தால் அபிமன்யு. இன்றைக்கு அந்தக் காட்சியைப் பார்க்கும் பிள்ளைகள் வீடியோ கால் என்கிறார்கள். புராணத்துக்குள் ஒரு கருவியைக் கொண்டுவந்து வைத்து, அதை வைத்து விளையாடி, ஆனாலும் புராணத்துக்கு ஒரு கீறல் விழாமல் காப்பாற்றிய படம் அது. அந்தப் பள்ளியில் படித்தவர் கால யந்திரத்தை எப்படிக் கையாளுவார் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சித்தூர் 1953 வரை சென்னை ராஜ்யத்தில் இருந்த மாவட்டம். 1960-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கே திரும்பி வந்தது, மீதி ஆந்திராவிலேயே நின்றது. அங்குள்ளவர்களுக்குத் தமிழ்ப் படமும் தெலுங்குப் படமும் வீட்டுப் படங்களே. அதனால் யந்திரத்தின் அடுத்த பயணமும் அவர்களுக்கு அன்னியமில்லை.

2015-இல் ஆர். ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ வந்தது. 2065-இல் ஒரு விஞ்ஞானி சோதனைக்காக அனுப்பிய யந்திரம் இரண்டு சாமானிய ஆட்கள் கையில் சிக்குகிறது. விஷ்ணு விஷாலும் கருணாகரனும் ராஜாக்களைப் பார்க்கப் போகவில்லை. கருணாகரன் ஜோசியர். தொலைந்த பொருளைத் தேடி யாராவது வந்தால், அது தொலைந்த நாளுக்கே இருவரும் போய் எங்கே போயிற்று என்று பார்த்துவிட்டு வந்து, ஜாதகத்தில் தெரிந்ததாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. அப்படிப் போன ஒரு பயணத்தில் செத்திருக்க வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான். அங்கிருந்து கணக்கு பிசகி, கதை இறுகுகிறது. சிரித்துக்கொண்டே காலக்கணக்கின் விதிகளை இவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றிய தமிழ்ப் படம் வேறு எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் விக்ரம் குமாரின் ‘24’-இல் யந்திரம் கைக்கடிகாரமாகச் சுருங்கியது. 2023-இல் ‘மார்க் ஆண்டனி’யில் அது டெலிபோன். அந்தப் படத்தில் பழைய காலத்துக் காட்சி ஒன்றில் சில்க் ஸ்மிதாவை அச்சு அசலாக மறுபடி கொண்டுவந்தார்கள்; தியேட்டர் அதிர்ந்தது. ‘ஆதித்யா 369’-இல் ராயர் சபை நர்த்தகி சிம்மநந்தினியாக ஆடியவர் அதே சில்க்.

நாக் அஸ்வின் ‘கல்கி 2898 ஏடி’க்கான வேலையைத் தொடங்கியபோது, கதைக்கு வழிகாட்ட அழைத்தது எண்பத்தெட்டு வயதைத் தாண்டியிருந்த சிங்கீதத்தைத்தான். 2025 ஏப்ரல் 4 அன்று ‘ஆதித்யா 369’ 4கே-யில் துலக்கப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்தது. 1991-இல் அதைப் பார்த்த பிள்ளைகள் இப்போது நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய படம் இது. முடிந்தால் அதே வாரத்தில் திருமலைக்கும் கூட்டிக்கொண்டு போய், மகாதுவாரத்துக்கு உள்ளே இரண்டு நிமிஷம் வலது பக்கம் திரும்பச் சொல்ல வேண்டும்.