பறங்கி என்ற பெயர்

பறங்கிப்புண் என்ற சொல் பழைய தமிழ் அகராதிகளில் உண்டு. ஆங்கில வைத்தியம் சிபிலிஸ் என்று சொல்வது அதைத்தான். 1495இல் நேப்பிள்ஸ் நகரத்தைப் பிடித்த பிரெஞ்சுப் படையினரிடையே பரவிய நோய், சில ஆண்டுகளில் போர்த்துக்கேயக் கப்பல்களோடு கீழைநாடுகளுக்கும் வந்துவிட்டது. இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். துருக்கியர் ஃபிரெங்கி என்றார்கள். நாங்கள் பறங்கியின் தலையில் போட்டோம்.

இலங்கையில் அந்தப் பெயர் இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்கியது. வன்னிக் கிராமங்களில் சிறுபிள்ளைகளைப் பிடித்த யோஸ் என்ற புண்நோயையும் பறங்கி என்றே சொன்னார்கள். அது தோலோடு தோல் பட்டுத் தொற்றுவது; பாலுறவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. 1905இல் ஜெர்மனியில் ஷவுடினும் ஹொஃப்மனும் சிபிலிஸ் கிருமியைக் கண்டார்கள். அதே ஆண்டு கொழும்பில் அல்டோ கஸ்தலானி யோஸ் கிருமியைக் கண்டார். இரண்டும் ஒரே குடும்பத்துக் கிருமிகள்.

நோய்க்கு அடுத்தவன் பெயரை வைத்தால், அது எங்களுக்கு வராது என்ற நினைப்பும் கூடவே வந்துவிடும். அதுதான் என் கவலை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு விரட்டப்பட்ட எங்கட சனம் புத்தளம், கொழும்பு, வளைகுடா என்று சிதறிப் பிழைத்தது. 2009க்குப் பிறகு கொஞ்சப் பேர் சோனகத் தெருவுக்குத் திரும்பினார்கள். பிரிந்து வாழும் குடும்பங்கள் எந்தச் சமூகத்திலும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஒழுக்கமாக வாழ்ந்த மனைவிக்கும் கணவன் வழியாகத் தொற்று வரலாம்.

சிபிலிஸின் முதல் புண் வலிக்காது, தானே ஆறிவிடும். கிருமி மட்டும் உடம்பில் தங்கும். அதைக் காட்டித்தருவது இரத்தப் பரிசோதனை. 1943இலிருந்து பென்சிலின் அதைக் குணமாக்குகிறது. எச்.ஐ.வி.யை முற்றாக நீக்க மருந்தில்லை. ஆனால் தினமும் மருந்தெடுப்பவர் நெடுங்காலம் வாழலாம். ஆணுறை தொற்றும் வாய்ப்பை வெகுவாகக் குறைக்கும். அரச பாலியல்நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனை இலவசம், இரகசியமும் காக்கப்படும்.

கர்ப்பிணிகளைத் தவறாமல் பரிசோதித்ததால், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. கர்ப்பத்தில் வெட்கமில்லாமல் செய்கிற அந்தப் பரிசோதனையை நிக்காஹ்வுக்கு முன்னமே மாப்பிள்ளையும் பெண்ணும் செய்தால் என்ன? எவருக்கும் தீங்கு செய்யலாகாது என்பது எங்கட ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதைப் பேசத் தொடங்கட்டும்.