சவரச் சவர்க்காரத்தில் இயற்கையும் செயற்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

'இயற்கை' என்னும் சொல் இன்று ஒப்பனைப் பொருள் விளம்பரங்களில் தூய்மையையும் தீங்கின்மையையும் குறிப்பதாக வழங்குகின்றது. 'செயற்கை' என்பது அதன் மறுதலையாக, ஐயத்திற்குரிய ஒன்றாகக் கருதப்படுகின்றது. இவ்வெதிர்மை எத்துணை வலிமையானது என்பதை, ஆடவர் நாள்தோறும் கையாளும் சவரச் சவர்க்காரத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சவர்க்காரம் இயற்கையிற் கிடைக்கும் பொருளன்று. கொழுப்புடன் காரம் தாக்கமுறுவதனாலேயே அது உருவாகின்றது. மாட்டுக் கொழுப்பிலுள்ள தியரிக்கமிலம் அடர்ந்து நிலைக்கும் நுரையையும், தேங்காய் எண்ணெயிலுள்ள லோரிக்கமிலம் விரைந்தெழும் நுரையையும் தருகின்றன. சவரச் சவர்க்காரத்திற்கு இவ்விரண்டும் வேண்டும். இத்தாக்கத்தின் இயல்பைப் பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரோல் 1823இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆகவே, மிகப் பழைய 'இயற்கைச்' சவர்க்காரமும் மனிதன் ஆக்கிய இரசாயனப் பொருளே என்பது தெளிவு.

காரத்தின் வரலாறு மேலும் சிந்தனைக்குரியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்பானியக் கடற்கரைச் செடிகளின் சாம்பலும் ஸ்கொத்லாந்துக் கடற்பாசிச் சாம்பலும் சோடாவை வழங்கின. 1791இல் பிரான்சில் நிக்கொலா லெபிளாங், கறியுப்பினின்று சோடாவை ஆக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். அம்முறை பிரித்தானியாவிற் பரவியபோது, ஆலைகள் கக்கிய ஐதரசன் குளோரைட்டு வாயு சுற்றுப்புறத்து மரங்களையும் பயிர்களையும் கருக்கியது. அவ்வாயுவில் 95 வீதத்தையேனும் வெளியேறாது தடுக்க வேண்டுமென 1863ஆம் ஆண்டின் காரச் சட்டம் விதித்தது. சாம்பலிற் பிறந்த சோடாவும் ஆலையிற் பிறந்த சோடாவும் பொருளளவில் ஒன்றே. தீங்கு சவரஞ் செய்பவரின் கன்னத்தில் விழவில்லை. ஆலைத் தொழிலாளரையும் அயலவரையுமே தாக்கியது. தீங்கு பொருளில் அன்றி உற்பத்தி முறையில் உறைந்திருந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இனி மணத்தை நோக்குவோம். தென்னமெரிக்கத் தொங்கா விதையினின்று கூமரின் என்னும் பொருள் 1820 அளவிற் பிரித்தெடுக்கப்பட்டது. 1868இல் பேர்க்கின் அதனை ஆய்வுகூடத்தில் தொகுத்தார். 1882இல் பாரிசு நகர ஊபிகான் நிறுவனம், தொகுப்புக் கூமரினைச் சேர்த்து 'பூஜேர் றோயால்' என்னும் வாசனைத் திரவியத்தை வெளியிட்டது. 'அரச பன்னம்' என்பது அப்பெயரின் பொருள். பன்னத்திற்கோ சொல்லத்தக்க மணமில்லை. அது முற்றிலும் கற்பனை மணமே. லவெண்டர், ஓக்குமரப் பாசி, கூமரின் ஆகியவற்றின் இக்கூட்டு மேலைநாட்டுச் சிகையலங்கார நிலையங்களின் அடையாள மணமாகிச் சவரச் சவர்க்காரங்களிலும் நிலைபெற்றது. விதையிற் பெற்ற கூமரினுக்கும் நிலக்கரித்தாரை மூலமாகக் கொண்டு ஆக்கிய கூமரினுக்கும் மூலக்கூற்றமைப்பில் வேறுபாடில்லை. பின்னதிற் கதிர்த்தொழிற்பாட்டுக் காபன்-14 இல்லை என்பதே அவற்றைப் பிரித்தறிய உதவும் குறிப்பு. அதனை மூக்கோ தோலோ உணர்வதில்லை.

இயற்கையானது தீங்கற்றது என்ற கருத்தும் வரலாற்றின்முன் நிற்பதில்லை. மேற்காசியக் குளியலகங்களில் மயிர் களையப் பயன்பட்ட களிம்பு, அரிதாரமும் சுட்ட சுண்ணாம்பும் சேர்ந்தது. அரிதாரம் நிலத்திற் கிடைக்கும் கனிப்பொருள். அதேவேளை ஆசனிக்குச் சேர்வையுமாகும். அண்மைக் காலச் சான்று இன்னும் தெளிவானது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இயற்றிய ஒரே ஒழுங்குவிதி, மூன்று பொருள்களை ஒப்பனைப் பொருள்களிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. தோல் ஒவ்வாமையே காரணம். அவற்றுள் லைரல் என்னும் வணிகப் பெயர் கொண்டது செயற்கைப் பொருள். ஏனைய இரண்டும், அதாவது அத்திரனோலும் குளோரோ அத்திரனோலும், ஓக்குமரப் பாசியின் சாற்றிற் காணப்படுபவை. சட்டம் பிறப்பிடத்தை நோக்காது விளைவையே நோக்கியது.

இவ்வரலாற்றில் எமது நாட்டிற்கும் பங்குண்டு. இலங்கையின் தென் மாகாணத்தில் வடிக்கப்பட்ட சிற்றனெல்லாப் புல்லெண்ணெய் மேலைநாட்டுச் சவர்க்காரங்களுக்கு மணமூட்டச் சென்றது. யாவா வகை எண்ணெயில் ஜெரனியோல் மிகுதியாதலால் சந்தையில் அது முந்தியது. பின்னர் பைன் மரத் தைலத்தை மூலமாகக் கொண்டு ஜெரனியோலைத் தொகுக்கும் முறையும் வந்தது. மரத்திலிருந்து பிறந்த இப்பொருளை இயற்கை என்பதா, செயற்கை என்பதா? பெயர் எதுவாயினும், புல்லை வளர்த்து எண்ணெய் வடித்த கிராமத்தவருக்கு அது சந்தைப் போட்டியாகவே அமைந்தது.

எனவே, இயற்கை, செயற்கை என்னும் பாகுபாடு ஒரு பொருளின் பிறப்பை ஓரளவு உணர்த்துமேயன்றி, அதன் நன்மை தீமையை உணர்த்தாது. அப்பொருள் யாது, எவ்வளவு சேர்க்கப்பட்டது, எவ்வாறு ஆக்கப்பட்டது, அதன் ஆக்கத்தால் வாழ்ந்தவர் யார், நலிந்தவர் யார் ஆகிய வினாக்களே அடிப்படையானவை. சிமிழின்மேல் அச்சிட்ட ஒரு சொல்லை ஏற்று இவ்வினாக்களைக் கைவிடுவது, அறிவியலுக்கும் சமூகப் பொறுப்புக்கும் ஒருங்கே புறம்பானதாகும்.