முத்திரையும் முகமும்

உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தோன்றிய ஆண்டு 1956. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். தற்செயல்தான், ஆயினும் இரண்டையும் சேர்த்தே எண்ணத் தோன்றுகிறது நமக்கு. ஒன்று, கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டப்படிப்பை அருகில் கொண்டுவந்தது. மற்றது, பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு என்பதை வரையறுத்தது.

அச்சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, மத்திய, மாநிலச் சட்டங்களால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம். மீறுவோர்க்கு அது விதித்த அபராதமோ அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்! போலிகள் தழைத்ததில் வியப்பென்ன? மானியக் குழுவின் போலிப் பட்டியலில் திருச்சி புத்தூரின் டி.டி.பி. சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது.

ஆகவே கட்டடத்தையும் முத்திரையையும் கண்டு மயங்காமல், 'எந்தச் சட்டம் உம்மை நிறுவியது?' என்று கேட்பதே முதற் சோதனை. 1966இல் நிறுவப்பட்டு, 1978இல் காமராசர் பெயரைப் பெற்ற மதுரைப் பல்கலைக்கழகத்திடம் இதற்கு விடை உண்டு. போலியிடம் இராது.

ஆனால் இக்கேள்விக்கும் பிடிபடாத ஒன்றை 2019 செப்டம்பரில் நாம் கண்டோம். க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவருக்காக, மும்பையில் நீட் தேர்வை வேறொருவர் எழுதினார் என்பது புகார். கல்லூரிக்கு வந்த ஒரு மின்னஞ்சலும், ஒத்துப்போகாத புகைப்படமும் ஐயத்தைக் கிளப்பின. வழக்கு சிபிசிஐடி வசம் சென்றது. தமிழகத்தின் வேறு சில கல்லூரிகளிலும் இத்தகைய புகார்கள் எழுந்தன.

இங்கே கல்லூரி மெய். மதிப்பெண் சான்றிதழும் மெய். ஆள்தான் வேறு என்கிறது புகார். அந்த மின்னஞ்சல் வந்திராவிட்டால், காலப்போக்கில் சட்டப்படி செல்லத்தக்க பட்டமே கைக்கு வந்திருக்கக்கூடும். எந்தப் போலிப் பட்டியலும் அதைக் காட்டிக் கொடுத்திராது.

பட்டம் என்பது சாட்சியம். சாட்சி சொல்லும் நிறுவனம் மெய்யா என்று கேட்கச் சட்டம் நமக்குக் கற்றுத் தந்தது. சாட்சியம் யாரைப் பற்றியது என்று முகம் பார்த்துக் கேட்கத் தேனி கற்றுத் தந்தது. இரண்டாவது கேள்வியை நாம் கேட்கத் தவறினால், இழப்பு இடம் கிடைக்காமல் திரும்பிய மாணவருக்கு மட்டுமன்று. மருத்துவரை நம்பிப் படுக்கும் நோயாளிக்கும்தான்.